குறிப்பில் ஏறாத மாத்திரை

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் வாரத்துக்கு ஆறு கூட்டம் நடக்கும். ஏழாவதாக ஒன்று நடந்தால், அது கூட்டங்களைக் குறைப்பது பற்றியதாக இருக்கும். எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதுவது ஒரே பெண். பதினான்கு வருடமாக அவள்தான். இரண்டு அதிகாரிகள் மேசையைத் தட்டி ஒருவரையொருவர் "அறிவிருக்கா" என்று விசாரித்துக்கொண்டால், மறுநாள் அவள் குறிப்பில் "இது குறித்துக் கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது" என்று இருக்கும். ஒருவர் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனால், வந்தவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கும், போனது எங்கேயும் இருக்காது. வந்தவர்களையும் முடிவுகளையும் எழுதினால் போதும், கூத்தை எழுத வேண்டியதில்லை என்பது அவள் கட்சி. யாருடைய மானமும் போகாததால் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும்.

அவளுக்கு மாதத்தில் ஒன்பது பத்து நாள் ஒற்றைத் தலைவலி. பெரும்பாலும் விடியும்போதே இடது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தட்டில் கரண்டி படும் ஓசைகூட ஆகாது.

இது போதாதென்று பதற்றம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் காரணமே இல்லாமல் இதயம் ஓட ஆரம்பித்தது. கை சில்லிட்டது, மூச்சு பாதியில் நின்றது. செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். அப்போது மேலாளர் முப்பத்தோராவது படத்தைத் திரையில் விளக்கிக்கொண்டிருந்தார். இன்னும் இருபது பாக்கி இருந்தது. வாய்க்கு வாய் "தொலைநோக்கு" என்பதால் அவருக்குப் பெயரே தொலைநோக்கு என்றாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் ஒருத்தி சாய்ந்து விழுந்தால் அது மட்டும் அவர் நோக்கில் படாது. அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சுவரில் பதித்த ஓடுகளை எண்ணுவாள். இருபது நிமிடம் எண்ணினால்தான் கதவைத் திறக்கத் தைரியம் வரும். சில நாள் எண்ணியும் வராது.

அதற்குத்தான் டாக்டரம்மா கொடுத்த அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. தினமும் காலையில் ஒன்று. ஆறு வாரத்தில் அவள் வீராங்கனை ஒன்றும் ஆகிவிடவில்லை. இதயம் தன் இடத்தில் இருந்து தன் வேலையைப் பார்த்தது, அவ்வளவுதான். அதுவே அவளுக்குப் பெரிய விஷயம்.

தலைவலி மட்டும் விடவில்லை. சிலருக்கு இந்த மாத்திரையே தலைவலியைக் கூட்டலாம் என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. மூன்று மாதம் தினமும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், தலைவலி குறையவில்லை என்றால் மாத்திரையைக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம் என்றார். மின்விசிறியை நிறுத்தச் சொல்வது போலத்தான் சொன்னார். இவளுக்கு அது மின்விசிறி இல்லை. மாத்திரை போனால் மறுபடியும் தாழ்ப்பாளும் ஓடுகளும்தான்.

இதற்கிடையில் தொலைநோக்கு "மன அழுத்தமில்லா அலுவலகம்" என்று ஒரு கூட்டம் போட்டார். விட்டுவிட்டு எரியும் குழல்விளக்குக்குக் கீழே இரண்டரை மணி நேரம். ஒரு மணி நேரம் ஆனபோதே வலிக்கு முன்னறிவிப்பாக இவள் தாளின் ஓரத்தில் பல் பல்லாக ஒளிக்கோடுகள் நெளிய ஆரம்பித்துவிட்டன. பாதி எழுத்து தெரியாமலே எழுதினாள். ஊழியர்கள் அனைவரும் தினமும் அரை மணி முன்னதாக வந்து மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும் என்று முடிவானது. மூச்சு விடுவதற்கு வருகைப் பதிவேடு வைத்த முதல் நிறுவனம் தங்களுடையதாகத்தான் இருக்கும் என்று தொலைநோக்கு பெருமைப்பட்டார். அதையும் எழுதினாள்.

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போகிற நாளில் தம்பி வண்டியில் கூட்டிப்போனான். அவளோடு ஒரே வீட்டில் இருப்பவன், லிஃப்ட் மெக்கானிக். காத்திருக்கும் கூடத்தில் பொழுது போகாமல் அவளுடைய நோட்டை எடுத்துப் புரட்டினான். நாலு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, இது யாரு தலை?"

"ஏன், என் தலைதான்."

"படிச்சா உங்க கம்பெனி தலை மாதிரி இருக்கு. 'காலையில் தலைவலி இருந்தது. ஓய்வுக்குப் பின் நிலைமை சீரானது.' செவ்வாக்கிழமை பக்கெட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது யாரு, நிலைமையா?"

சத்தத்தைக் குறை என்றாள். அவன் குரலைக் குறைத்தான், விஷயத்தைக் குறைக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் கடைசி வரி ஒன்றுபோல "மாத்திரை எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று இருக்கிறதே, வலி வருகிற நாளில் அது பத்து நிமிடத்தில் வாந்தியோடு வெளியே வந்துவிடுகிறதே, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டான். மாத்திரை போட்டது உண்மைதானே, அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றாள் அவள்.

"போட்டே சரி. உள்ளே நின்னுச்சா? நீ எல்லாம் லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு புகார் எழுதினா, 'லிஃப்ட் வந்தது'ன்னு எழுதுவே. கதவு தொறக்கலைன்னு எழுதவே மாட்டே."

அவளுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார். தம்பியும் கூடவே உள்ளே போனான்.

டாக்டரம்மா நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். இவ்வளவு சுத்தமாக எழுதிக்கொண்டு வரும் நோயாளியைப் பார்த்ததே இல்லை என்றார். எத்தனையோ பாராட்டுக் கேட்டவள், இதற்கும் பழக்கதோஷத்தில் லேசாகத் தலை வணங்கினாள். டாக்டர் தொடர்ந்தார். ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை போட்டிருக்கிறீர்கள், தலைவலியோ ஒன்பது பத்து நாளில் இருந்து இறங்கவே இல்லை, ஆகவே மாத்திரை மேல்தான் சந்தேகம். இரண்டு வாரம் பாதி, பிறகு நிறுத்திவிடலாம். சொல்லிக்கொண்டே மருந்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

இவளுடைய கை தானாகப் பையிலிருந்து பேனாவை எடுத்தது. "பாதியாகக் குறைப்பது என்று முடிவு செய்யப்பட்டது" என்று உள்ளங்கை அளவு தாளில் பாதி வரி எழுதியும் விட்டாள். விரல் நுனி சில்லிட்டிருந்ததால் எழுத்து கோணியது. தம்பி பக்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். அவன் பேசமாட்டான் என்று தெரிந்துவிட்டது. கூட்டத்தில் வாய் திறந்து அவளுக்குப் பழக்கமே இல்லை.

"டாக்டர், அது தினமும் உள்ளே போகலை."

எழுதப் போன டாக்டரின் பேனா நின்றது. "போகலைன்னா?"

"வலி வர்ற நாள்ல வாந்தியில வந்துடும். மறுபடி போட்டா ரெண்டா ஆயிடுமோன்னு பயம். அதனால விட்டுடுவேன்."

"மாசத்துக்கு எத்தனை நாள்?"

"வலி வர்ற எல்லா நாளும்."

டாக்டர் அடுத்தடுத்துக் கேட்டார், அவள் சொன்னாள். மாத்திரை வெளியே போன மறுநாள் தலை கிறுகிறுக்கும். கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். நெஞ்சு படபடக்கும், சில தடவை அன்றைக்கோ மறுநாளோ அடுத்த வலி கிளம்பும். நோட்டில் அதற்கு "சோர்வு" என்று பெயர். வலி மாத்திரை எத்தனை என்று கேட்டதற்கு, "தேவைக்கேற்ப" என்று எழுதியிருப்பதைக் காட்டினாள். வாரத்துக்கு ஒரு அட்டை காலியாகிறது என்று தம்பி தரையிடம் சொன்னான். அதுவே தலைவலியைக் கிளப்பும் என்றார் டாக்டர்.

"இதை ஏன் எழுதலை?"

அவள் யோசித்தாள். "அசிங்கமா இருக்கும்னு."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாத்திரையை இப்போது குறைக்க வேண்டாம், சாயங்காலத்துக்கு மாற்றலாம். வாந்திக்கு ஒன்று தருகிறேன். வலி மாத்திரை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது. மாத்திரை வெளியே வந்தால் உடனே போன் செய்யுங்கள். மறுபடி மூன்று மாதம் எழுதுங்கள், பிறகு பார்ப்போம். மாத்திரை குற்றவாளி இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

படி இறங்கும்போது அவளுக்கு நிம்மதி வரவில்லை. மாத்திரை பிழைத்துவிட்டது, சரி. ஆனால் ஏறக்குறைய முப்பது தலைவலி செல்லாது என்றாகிவிட்டது. அத்தனையும் பட்டது பட்டதுதான், கேட்டால் சாட்சி கிடையாது. நோட்டில் ஏற்றாமல் சாட்சியை அனுப்பிவைத்ததும் அவளேதான். மூன்று மாதம் கழித்து இதே நாற்காலியில் உட்கார்ந்து "நிறுத்திவிடலாம்" என்ற இதே வார்த்தையைக் கேட்க வேண்டி வரலாம்.

வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளின் கண்ணாடிகளில் எல்லாம் வெயில் அடித்தது. அவள் நின்றுவிட்டாள். இடது கண் தானாக மூடிக்கொண்டது.

"வலிக்குதா அக்கா?"

பரவாயில்லை என்று சொல்ல வாய் திறந்து, மூடினாள்.

"வலிக்குது. ஆணி அடிக்கிற மாதிரி. இன்னும் அரை மணியில வாந்தி வரும். பயமா இருக்குடா."

தம்பி கேலி எதுவும் செய்யவில்லை. வண்டியில் இருந்த தன் கருவிப்பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்து, உதறிப் பார்த்து, ஓட்டை இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அவள் கையில் கொடுத்தான். அவள் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குலுங்காமல் ஓட்டு என்றாள். முயற்சி பண்றேன் என்று சொல்லி அவன் வண்டியைக் கிளப்பினான்.