பதினேழு நாள் ஆஃப்

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு சாம்பிள் எடுத்துப் போகிற அந்தப் பெண், தன் மோட்டார் சைக்கிளின் கில் சுவிட்சை யாராவது அணைத்தால் தானும் அணைந்துவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் இது தொடங்கியது. ஹேண்டில்பாரில் வலது கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும் அந்தச் சிவப்பு சுவிட்ச், ஆபத்தில் இன்ஜினைச் சட்டென்று நிறுத்துவதற்கானது. தட்டினால் இன்ஜின் நிற்கும், அவளும் நிற்பாள். விழமாட்டாள். இருந்த நிலையிலேயே கண் பாதி மூடி, மூச்சு மெல்ல ஓட, உடம்பு கதகதப்பாக இருப்பாள். திரும்பத் தட்டினால் விட்ட வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடர்வாள். முதல் முறை ஹெல்மெட்டோடு வாசலில் இரண்டு மணி நேரம் வண்டிமேல் உட்கார்ந்திருந்தாள். யாருடனோ போனில் பேசுகிறாள் என்று கணவர் கதவைச் சாத்திக்கொண்டார். கூடத்து டாக்டர் அவள் ரத்தத்தையே எடுத்துப் பார்த்து, களைப்பு என்று எழுதி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, எங்கேயோ எர்த் ஆகிறது என்றார். இரண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி சரி.

வீட்டில் இதற்குப் பழக ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆரம்பத்தில் பாவம் பார்த்துத்தான் அணைத்தார்கள். பாத்திரம் கழுவி முடித்ததும் மாமியாரே வாசலுக்கு நடந்து போய், போதும் நில்லு என்று தட்டிவிட்டு வருவார். பிறகு தேவைக்குத் தகுந்தபடி தட்டத் தொடங்கினார்கள். அணைப்பதற்கு ஒருவருக்கும் ஞாபகம் வராது. ஆன் பண்ண எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஜியோமெட்ரி பாக்ஸ் எங்கே என்று கேட்க மகள் ஆன் பண்ணினாள். நான்கு வருடமாக வேலை தேடுவதையே வேலையாக வைத்திருந்த கணவர், சட்டைக்குப் பட்டன் தைக்க ஆன் பண்ணினார். கண்ணில் சொட்டு மருந்து விட மாமியார் ஆன் பண்ணுவார். "ஒரு நிமிஷந்தாம்மா. விட்டுட்டு நீ பாட்டுக்கு நில்லு" என்பார். கூடத்து மேற்பார்வையாளரும் எப்படியோ தெரிந்துகொண்டார். சாம்பிள் வராத நேரங்களில் அவளை நடைபாதையில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அணைத்து வைத்தார். அவள் கையில் தன் குடையை மாட்டி வைத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

ஒரு நாளைக்கு நாற்பது தட்டு வாங்கினால் எந்த சுவிட்ச் தாங்கும்? எட்டாவது வருடம் அது ஆட்டம் கண்டது. அணைத்தால் அணைந்த இடத்தில் நிற்காமல் இரண்டு நிமிடத்தில் தானாக நழுவி ஆன் ஆகும். அவள் எழுந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். ஓடும்போதோ தட்டாமலே அணையும். ஒரு காலை நாற்பத்தொரு ரத்தக் குழாய்களோடு நாற்சந்தி நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவள் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?" என்று ஓட்டுநர் இறங்கி வந்து திட்டினார். அவர் திட்டி முடித்து லாரியில் ஏறிய பிறகுதான் அவள் ஆன் ஆனாள். ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

மெக்கானிக்குக்குக் கடைத்தெருவில் அவசரம் என்று பட்டப்பெயர். வாழ்நாளில் அவர் அவசரப்பட்டதே இல்லை. சுவிட்சை இரண்டாகப் பிரித்து, கரி பிடித்த செம்புத் தகட்டைக் காட்டினார். கணவரும் கூட வந்திருந்தார்.

"இப்ப வர்ற செட்டுல இந்தச் சிவப்பே கெடையாதும்மா. சாவியில நிறுத்திக்கலாம்னு எடுத்துட்டாங்க. அத மாட்டிட்டா ரோட்டுல நிக்கிற தொல்லை போச்சு."

"அப்ப இவ நிக்கவே மாட்டாளா?" என்றார் கணவர்.

"நிக்கறதுக்கு சுவிட்சே இல்லையே சார்."

"மாட்டுங்க, மாட்டுங்க" என்றவர், அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டார். நல்லதாப் போச்சு என்று அந்தப் பக்கம் சொன்னது இவளுக்கும் கேட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஓடுகிற மிக்சியை யாரும் கெட்ட எண்ணத்தோடு ஓடவிடுவதில்லை.

"அப்ப நான் எப்பங்க நிக்கிறது?" என்று கேட்டாள்.

"என்ன கேள்வி இது? எல்லாம் முடிஞ்சதும் நில்லேன்."

"எல்லாம் எப்ப முடியும்?"

கணவர் சுவரில் தொங்கிய டயர்களைப் பார்த்தார். அவள் அவரை பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு, பழையதையே சரி பண்ணுங்கள் என்று மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் உப்புத்தாளால் கரியைத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, அறுந்த கம்பியை ஈயம் வைத்து ஒட்டினார். தேய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக, அவள் சாம்பிள் சீட்டில் கையெழுத்துப் போடும் பேனாவைப் பிரித்து அதிலிருந்ததைப் போட்டார். மூடியை மூடாமல் நிமிர்ந்தார்.

"நீ ஆஃப் ஆனா யாரு ஆன் பண்றது? அதச் சொன்னாத்தான் இத மூட முடியும்."

அவள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியது.

"யாரும் வேணாண்ணே. அதுவாத் திரும்பட்டும்."

"ஸ்பிரிங்கு கொஞ்சங் கொஞ்சமாத்தான் தள்ளும். ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம். திரும்பாமலே போனா எம்மேல பழி போடக் கூடாது."

"போடறதுக்கு நான் எங்க இருக்கப் போறேன்?"

அவர் சிவப்புக் குமிழை அறுத்தெடுத்தார். அவளுடைய சுண்டுவிரல் மட்டும் நுழையும் ஓட்டையை விட்டு மூடினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை சாம்பிள்களைக் கொடுத்துவிட்டு பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜன்னல் வழியாகக் கணவரிடம் சொன்னாள். பிறகு விரலை நுழைத்தாள். பால் பொங்கி வழிந்தது. கணவர் திருப்புளி கொண்டுவந்தார், மாமியார் கொண்டை ஊசி கொண்டுவந்தார், எதற்கும் அது அசையவில்லை. மூன்றாம் நாள் கணவர் குக்கர் வெயிட் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஆறாம் நாள் மாமியார் வழக்கப்படி அவள் முன்னால் வந்து முகத்தை அண்ணாந்து வெகுநேரம் நின்றுவிட்டு, தானே மருந்தை விட்டுக்கொண்டார். பாதி கன்னத்தில் போனது. ஒன்பதாம் நாள் மழை பெய்தது. மகள் தார்ப்பாய் கட்டி, அதன் கீழேயே உட்கார்ந்து பாடம் படித்தாள். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டுக் குடையைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பினார். பதினேழாம் நாள் மாலை நான்கு மணிக்கு டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் விரலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"பால் பொங்கிடுச்சா?"

"பொங்கிடுச்சு" என்றார் கணவர். "தொடச்சாச்சு."

அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை இது நடக்கிறது. பரிசோதனைக் கூடத்துச் சுவர் காலண்டரில் அந்த நாட்களைப் பென்சிலால் கோடு போட்டு விடுகிறார்கள்; எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்காமல் போகிறது. அந்த சுவிட்ச் வேண்டும் என்று மெக்கானிக்கிடம் இதுவரை மூன்று பெண்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தியிடம் வண்டியே கிடையாது.