பெட்டியில் பிடித்த அடி

துரைராசு அண்ணனும் கபீர் பாயும் கச்சேரி ஆரம்பித்தால் நாலாவது பாட்டில் ஜனங்கள் எழுந்துவிடுவார்கள். படம் போட வீடியோ டெக் வந்த பிறகு அதுதான் நிலைமை. யாருக்கும் கோபம் இல்லை. விரித்த சாக்கை மடித்து, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மேடை ஓரத்தில் ஒயர் சுற்றியபடி நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளியை விட்டபின் எனக்கு அதுதான் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

கீபோர்டு கபீர் பாயுடையது. நீடாமங்கலத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். இரண்டு கழகக் கூட்டங்களுக்கும் அவர் குழாயைத்தான் கட்டுவார்கள். கொடி மட்டும் மாறும். அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கீபோர்டை வாசிப்பவன் என் அண்ணன். நடவும் அறுப்பும் இல்லாத நாட்களில் அவனுக்கு வேறு நினைப்பே கிடையாது.

"மாட்டுப் பொங்கல் வரைக்கும் பாக்குறேன் துரை. அப்பவும் கூட்டம் நிக்கலன்னா இதை வித்துட்டு கேசட் கடை போட்டுர்றேன்" என்று பாய் சொல்லிவிட்டார்.

அந்தக் கீபோர்டில் சின்னதாக ஒரு மைக் ஓட்டை உண்டு. அதற்கு முன்னால் எந்தச் சத்தம் போட்டாலும் பிடித்துவைத்து, கட்டைக்குக் கட்டை ஏற்றி இறக்கி வாசிக்கும். பேட்டரி செல்லைக் கழற்றினால் பிடித்தது போய்விடும். அதுவரை ஆடு கத்துவதையும் பாயின் தும்மலையும்தான் பிடித்து விளையாடியிருந்தார்கள். அண்ணனுக்கு அதில் பறையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தெருவில் பறை அடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கூலிச் சண்டையில் நிலக்காரர்களான நடுத்தெருக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கிக் கதிர் அறுத்தபோது, இனி அவர்கள் வீட்டுச் சாவுக்கு அடிப்பதில்லை என்று எங்கள் கூலிக்காரர் சங்கம் முடிவு செய்தது. பிறகு எங்கள் கல்யாணத்துக்குக்கூட அடிப்பதில்லை என்றானது. சத்தம் கேட்டால் நடுத்தெருவிலிருந்து கூப்பிட ஆள் அனுப்புவார்கள் என்றுதான். அந்த முடிவைக் கூட்டத்தில் எழுந்து சொன்னவர் எங்கள் மருதையன் மாமா. அதற்கு முன் சுற்றுவட்டாரத்தில் அவர் அடிதான் அடி.

"நாலே அடி மாமா. மெசின்ல பிடிச்சுக்கிறேன்" என்றான் அண்ணன்.

"எதுக்கு? திரும்ப அவன் வாசல்ல போயி துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கவா?"

"யாரு வாசல்லயும் நிக்க வேணாம். நான் மேடையில நாற்காலி போட்டு உக்காந்து வாசிப்பேன். சட்டை போட்டுக்கிட்டு, செருப்போட."

"செருப்போட" என்று மாமா ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

காத்தாயி அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "அடிச்சுக் குடுங்களேன். தூக்கத்துல என் முதுகுலதான தாளம் போடுறீங்க. அது மெசினுக்குப் போனா நான் கொஞ்சம் தூங்குவேன்."

மாமா வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, அந்த ஓட்டைக்கு முன்னால் அடித்தார்.

மாட்டுப் பொங்கல் அன்று எங்கள் தெரு மேடையில் நாலாவது பாட்டு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஆறாவது பாட்டில் பக்கத்து ஊர்ப் பையன்கள் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்து ஆடினார்கள். எங்கள் தெருப்பக்கமே எட்டிப்பார்க்காத நடுத்தெரு ஆட்கள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"துரை, அங்க பாருடா, புது ஆளுங்க!" என்று பாய் மைக்கை மூடிக்கொண்டு சொன்னார்.

மாமா வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் இருந்தார். செருப்பும் போட்டிருந்தார்.

மாசியில் நடுத்தெரு பஞ்சநதம் வீட்டு அம்மாள் இறந்துபோனார். அவர்கள் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் பாயின் கடைக்கு வந்தார். நாங்கள் மூவரும் அங்கே இருந்தோம்.

"பெட்டியை எடுத்துக்கிட்டு வாங்க பாய். பொங்கலுக்கு மதகுல உக்காந்து கேட்டேன், அதே அடிதான் வேணும். வண்டியில வச்சுப் பாடைக்கு முன்னாடி போகட்டும்." அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "ஆளுங்கதான வரமாட்டேன்னீங்க தம்பி? இப்ப ஆளே வேணாம். இது முன்னாடியே வந்திருந்தா இத்தனை வருஷம் மனஸ்தாபமே இல்ல பாருங்க." அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார்.

அவர் போனதும் பாய் சொன்னார்: "நான் வாடகைக்காரன் துரை. சாவுக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டு இந்த ஊர்ல கடை வைக்க முடியாது. பெட்டி என்னுது. அடி உங்க மாமாவுது. அதோட போனா வைகாசி வரைக்கும் எல்லாத் திருவிழாவும் நம்மளுது. நீயே யோசி."

மாமா கொல்லையில் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"ஆளே வேணாம்னானா?"

"ஆமா மாமா."

இன்னும் கொஞ்சம் பிடுங்கினார். "நாம வரலன்னா அவன் வீட்டுப் பொணம் சத்தமில்லாமப் போவணும். அதுக்குத்தானடா இத்தனை வருஷம் கையைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

போகாதே என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. செடியின் வேர் மண்ணை உதறிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் கடைக்குத் திரும்பி வந்து கீபோர்டைக் கவிழ்த்தான். மூடியைத் திறந்து செல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நிறுத்தினான். மறுபடி போட்டு ஒரு கட்டையை அழுத்தினான். புல்லாங்குழல் மாதிரி ஏதோ கேட்டது.

"திரும்பப் பிடிச்சுக்கலாம்லடா?" என்றார் பாய்.

"மாமா இனிமே அடிக்க மாட்டாரு பாய்."

பாய் தனியாகப் போனார். கீபோர்டிலேயே இருக்கும் தாளத்தை ஓடவிட்டார். வாய்க்கால் கரையோரம் பாடை போகையில் டிஷ்ஷு டிஷ்ஷு என்று உளுந்துக் கொல்லை வரை கேட்டது. "தாளம் தப்பாமத்தான் போவுது" என்றார் மாமா.

பங்குனியில் எங்கள் தெருவில் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். கேசட் கடைக்கு இடம் பார்த்தாகிவிட்டது, இதுதான் கடைசிக் கச்சேரி என்று பாய் சொல்லியிருந்தார். மதகில் ஒருவரும் இல்லை. நாலாவது பாட்டில் பெண்கள் சாக்கை மடித்தார்கள். நான் பின்னாலிருந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

மாமா மட்டும் அதே வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் இருந்தார். தூங்கிப் போயிருந்தார். அண்ணன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாட்டுகளை அவர் எழுந்துவிடாதபடி வாசித்து முடித்தான்.