அறுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து வந்த இளமதி

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, பழைய மாத நாவல் ஒன்றின் அறுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து அதன் கதாநாயகி இளமதி இறங்கி வந்து, விருத்தாசலத்தில் பூங்கோதை வீட்டு நடையில் நின்றாள். வெளியே அனல் வெயில். அவள் கட்டியிருந்த ரோஸ் நிற வாயில் புடவையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பூங்கோதைக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. செராமிக் தொழிற்பேட்டையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டுகிற வேலை. மணிக்கட்டு வீங்கிப்போய், டாக்டர் பத்து நாள் லீவு போடச் சொல்லியிருந்தார். பரணில் கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப்போன இடத்தில் டிரங்குப் பெட்டிக்குள் அந்த நாவல் கிடைத்தது. பத்தொன்பது வயதில் ஜங்ஷன் புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை போய்விட்டதால் தலைப்பு அவளுக்கே நினைவில்லை. ஆனால் கதாநாயகன் கார்முகிலை அவள் மறந்ததில்லை. ஒரு பெண்ணுக்காகப் பக்கம் பக்கமாக மழையில் நின்றவன். கல்யாணமான புதிதில் அவள் கணவர் கொளஞ்சிநாதனிடம், "எனக்கு ஒரு லெட்டரு எழுதுங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற மனிதர் வெகுநேரம் யோசித்து, "ஒரே வூட்டுலதான இருக்குறோம்? எந்த அட்ரஸுக்குப் போடறது?" என்றார். கார்முகிலாக இருந்தால் எழுதியிருப்பான் என்ற குறை இருபத்தெட்டு வருடமாக அவள் மனதில் இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் கார்முகில் காலேஜ் பஸ்ஸின் பின்னாலேயே பைக்கில் போனான். இவனுக்கு வேலைவெட்டி கிடையாதா என்றிருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இளமதிக்கு வந்த வேலை உத்தரவைக் கிழித்துப் போட்டு, "நான் இருக்கும்போது உனக்கு வேலை எதற்கு?" என்றான். அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது. போட்டவள் பூங்கோதைதான். யாரும் பார்க்காவிட்டாலும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அறுபத்து மூன்றில், மாமன் மகனோடு சிரித்துப் பேசியதற்காக அவன் இளமதியைக் கன்னத்தில் அறைந்தான். அவள் அழுதுகொண்டே அவன் மார்பில் சாயப் போனாள்.

"ஏண்டி, அடிச்சவன் மேலயே போயி சாயுற? உனக்குப் போவறதுக்கு வேற எடமே இல்லையா?" என்று பூங்கோதை வாய்விட்டே கேட்டாள்.

இளமதி திரும்பிப் பார்த்து, "இல்லீங்களே" என்றாள்.

"அப்ப இங்க வா."

வந்துவிட்டாள். வந்ததும் தண்ணீர் கேட்டாள். மூன்று சொம்பு குடித்தாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். அறுபத்து மூன்று பக்கத்தில் ஆசிரியர் அவளுக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு காபி, அதுவும் ஆறிப்போனது. பக்கத்து வீட்டு ராஜம்மாள் எட்டிப் பார்த்து யாரென்று கேட்டாள். "புஸ்தகத்துலேருந்து வந்துருக்குது" என்றாள் பூங்கோதை. "மொதல்ல மாத்துத் துணி குடு, சளி புடிச்சுக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு ராஜம்மாள் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்த கொளஞ்சிநாதன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "புள்ள சாப்புட்டுச்சா?" என்றார். ஃபேன் இருக்கிற அறையை அவளுக்கு விட்டுவிட்டுத் தன் கட்டிலை வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போனார். பூங்கோதை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது, நாற்பது நாள் அவள் புடவைகளை அவர்தான் துவைத்துக் கொடியில் காயப்போட்டார். தெருவில் சிரித்தார்கள். அவர் பாட்டுக்குப் பிழிந்து உதறினார். அதையும் ஒரு கதையில் எழுதலாம் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. அன்றைக்கு அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "போதும் புள்ள" என்றார். மேலும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

சனிக்கிழமை காலை கார்முகில் வந்து எதிர்ச்சாரியில் நின்றான். அவனைச் சுற்றி ஆறடிக்கு மட்டும் மழை கொட்டியது. மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வராததால் தெருப் பெண்கள் குடங்களைக் கொண்டுபோய் அவன் காலடியில் வரிசையாக வைத்தார்கள். "இளமதி! நீ இல்லாமல் நான் இல்லை!" என்று அவன் கத்தினான். இளமதி ஒரு அடி எடுத்து வைத்தாள். தடுக்கவேண்டும் என்று பூங்கோதைக்கு வாய்வரை வந்தது. இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் ஏற்கெனவே ஒருவன் முடிவெடுத்திருக்கிறான், நாமும் எடுக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள். "போறதுன்னா போ, இருக்கறதுன்னா இரு. மனசுல இருக்கறதக் கேட்டுட்டு முடிவு பண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

இளமதி மழையின் விளிம்பு வரை போனாள். "எனக்கு வந்த ஆர்டரக் கிழிச்சீங்களே, அது என்ன வேலை?" என்று கேட்டாள்.

கார்முகிலுக்குத் தெரியவில்லை. அவன் படிக்காமலே கிழித்திருந்தான். அந்தக் கேள்விக்கு நாவலில் வசனம் எதுவும் இல்லை. கடைசியில், தன் சொந்தக் குரலில், "நீ படிச்சியா?" என்றான்.

"நானும் படிக்கல. அதுக்குள்ள கிழிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

கொளஞ்சிநாதன் ஒரு டம்ளர் டீ கொண்டுபோய்க் கொடுத்து, "ஏறுங்க தம்பி" என்று அவனை டிராக்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். மழையும் கூடவே போனது. வேப்பூர் பஸ்ஸில் கண்டக்டர் அவனைக் கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்காரவைத்தார். வேப்பூரைத் தாண்டி, அதே மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் வாடிக்கொண்டிருந்த சமயம். அங்குள்ள விவசாயிகள் முறைவைத்து அவனைக் கூட்டிப்போய் வயல் நடுவில் நிறுத்தினார்கள். நல்ல மரியாதை, மூன்று வேளைச் சாப்பாடு. யாரையும் கைநீட்டி அடித்ததாகத் தகவல் இல்லை.

மணிக்கட்டு சரியானதும் பூங்கோதை இளமதியைத் தன்னோடு பேட்டைக்கு அழைத்துப்போனாள். பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை அவள் கைக்குப் படிந்துவந்தது. ஐப்பசி, கார்த்திகை என்று மாதங்கள் போயின. தை பிறந்து நாலாம் நாள் இளமதி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஏதோ குத்துகிறது, சோறு மெல்ல முடியவில்லை என்றாள். பூங்கோதை அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கடைவாயில் புதிதாக ஒரு பல் முளைத்துக்கொண்டிருந்தது. புஸ்தகத்தில் நின்றுபோயிருந்த வயசு ஏற ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி, ஒரு கிராம்பை எடுத்துக் கொடுத்து, அந்தப் பக்கமாகவே வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னாள்.