குதிரைக்குள் போன தன்வரலாறு

சனிக்கிழமை தோறும் நூலகத்தின் பின்னறைக்கு ஒரு கூட்டம் வரும். "குழந்தைகளா" என்று கூப்பிட்டால் முறைக்கும். "பெரியவர்களே" என்றால் சிரிக்கும். பஞ்சில் முயல்குட்டி செய்யச் சொன்னால் அந்தப் பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்ளும். இந்த ரெண்டுங்கெட்டான் வயதுக்காரர்களுக்குக் கைவினை வகுப்பு நடத்தியவர், சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண். எல்லோருக்கும் அவர் அக்கா. பழைய காகிதத்தைக் கிழித்து, பசையில் ஊறவைத்து, கம்பிக் கூட்டின்மேல் ஒட்டி ஆளுயரக் குதிரை செய்யலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் கைபேசிகள் பைக்குள் போயின.

அந்த அறைமேல் நூலகக் குழுத் தலைவருக்கு ஒரு கண். தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு உடம்புக்குத்தான், வாய்க்கு இல்லை. பின்னறையைத் தன் சொற்பொழிவுகளுக்கான சிந்தனைக் கூடமாக்க வேண்டும் என்பது அவர் திட்டம். மாதக் கடைசிச் சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன், உருப்படியாக எதுவும் இல்லையென்றால் வகுப்பை மூடிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அரட்டையடிக்க அறை எதற்கு என்றும் கேட்டாராம். கேட்டது சொற்பொழிவாளர்.

இதற்கு நடுவே சிவப்புப் பொட்டு. யாரும் எடுக்காத, கழித்துக்கட்ட வேண்டிய புத்தகங்களின் முதுகில் நூலகர் அதை ஒட்டுவார். ஒருநாள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது தலைவர் வந்து என்ன இது என்று கேட்டுவிட்டார். நூலகர் கையில் இருந்தது தலைவரின் நண்பர் எழுதிய நூல். நூலகரோ நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். சிறப்பு நூல்களுக்கான அடையாளம் என்று சொல்லித் தப்பித்தார்.

தலைவர் சும்மா இருப்பாரா? அவர் எழுதிய தன்வரலாறு, அவரே அன்பளித்தது, ஓர் அலமாரியையே அடைத்துக்கொண்டு கிடந்தது. அன்று மாலையே அத்தனை பிரதிகளுக்கும் தன் கையால் பொட்டு வைத்துவிட்டுப் போனார். நூலகருக்கு இது தெரியாது. அந்த அலமாரிப் பக்கம் அவரும் போவதில்லை.

பொட்டு வைத்ததையெல்லாம் கிழிக்கலாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அவர் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகள் அட்டையைப் பிய்த்துப்போட்டுவிட்டு அள்ளி அள்ளிக் கொண்டுவந்தார்கள்.

சொன்ன சனிக்கிழமை தலைவர் வந்தார், பின்னால் நூலகர். குதிரையைப் பார்த்ததும் தலைவர் அசந்துதான் போனார். கிட்டே போய்க் கழுத்தைத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. 'நேர்மையே என் மூச்சு' என்றது கழுத்து. வயிற்றில் அவருடைய பாராட்டு விழா. வாலடியில், மாலையும் கழுத்துமாக அவரே.

யார் வேலை இது என்று கேட்டார். நூலகர் அலமாரியோடு அலமாரியானார். அறை போச்சு என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

எப்போதும் கத்தரிக்கோலும் கையுமாக இருப்பதால் கத்தரி என்று பெயர் வாங்கிய மாணவிதான் பதில் சொன்னாள்.

"பொட்டு இருந்துச்சு, எடுத்தோம் சார். யாரும் படிக்காத புத்தகத்துக்குத்தானே அது வைப்பாங்க."

தலைவர் நூலகரைப் பார்த்தார். நூலகர் குதிரையைப் பார்த்தார். குதிரை யாரையும் பார்க்கவில்லை. அதற்கு இன்னும் கண் வைக்கவில்லை.

"ஆனா நான் படிச்சேன்," என்றாள் கத்தரி. "கிழிக்கக் கிழிக்கப் படிச்சேன். மேலதிகாரியத் திட்டிக்கிட்டே லிஃப்டுல ஏறுறீங்க, பாத்தா உள்ள அவரு நிக்கிறாரு, லிஃப்டும் நடுவுல நின்னுடுது. அப்புறம் என்ன ஆச்சு சார்? அடுத்த பக்கம் குதிரைக் காதுக்குள்ள போயிடுச்சு."

அந்தப் புத்தகம் வந்த நாள்முதல் யாரும் தலைவரிடம் 'அப்புறம்' என்று கேட்டதில்லை. வெளியீட்டு விழாவில் பேசியவர்கள்கூட அட்டையைப் பாராட்டிவிட்டுச் சாப்பிடப் போனவர்கள்தான். தலைவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அந்த ஆளு என்ன பண்ணான் தெரியுமா..."

வகுப்பு முடியும் வரை லிஃப்ட் நகரவில்லை.

வகுப்பை மூடுகிற பேச்சு அதோடு நின்றது. தலைவரின் பேச்சு நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காரிலிருந்து இரண்டு கட்டுகளை இறக்கினார்: வீட்டில் மிச்சமிருந்த பிரதிகள். ஒவ்வொன்றின் முதுகிலும், கோணாமல், சிவப்புப் பொட்டு.

"அடுத்தது யானை பண்ணுங்கம்மா," என்றார் கத்தரியிடம். "பதவி உயர்வு அத்தியாயம் கொஞ்சம் பெருசு."

அக்கா பசை வாளியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பேசிக்கிட்டே கிழிங்க சார்."