வெளி ரத்தம்

பெங்களூர் மருத்துவமனையில் டாக்டர் பேசி முடிப்பதற்குள் நசீருதீன் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஓசூரில் டயர் கடை வைத்திருப்பவர். எதற்கும் காத்திருந்து பழக்கமில்லை.

"என் ரத்தத்தையும் தம்பிங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் எடுத்துக்குங்க சார். எங்களுக்கு ஒரே தங்கச்சி."

தங்கை வஜிஹா ஓசூர்க் கடிகார ஆலையில் வேலை பார்த்தாள். சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அவளுடைய இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. அந்த 1992 கோடையில் மாடிப்படி ஏறவே முடியவில்லை. ஆபரேஷன்தான் வழி. ஆனால் அவள் ரத்தம் பிறவியிலேயே சுலபத்தில் உறையாது, பரம்பரைக் கோளாறு. அதைக் கேட்டதுமே மற்ற ஆஸ்பத்திரிகள் கைவிரித்துவிட்டன. இந்த டாக்டர் மட்டும், "நல்ல ரத்தத்துல இருந்து பிளாஸ்மா பிரிச்சு ஏத்திக்கிட்டே இருந்தா செஞ்சிடலாம்" என்றார்.

அண்ணன்மாரைச் சோதித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "உறைய வைக்கிற சத்து உங்களுக்கும் பாதிதான் இருக்கு. சொந்தக்காரங்க வேண்டாம். வெளி ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க."

நசீருதீனுக்கு முகம் செத்துவிட்டது. யாரிடமும் போய்க் கேட்டுப் பழகாத மனிதர். ஊர் திரும்பியும் வாயைத் திறக்கவில்லை.

வஜிஹாவின் பக்கத்து இருக்கைக்காரி சென்னம்மா, ஷிஃப்ட் முடிந்து நேராகக் கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏன்ணா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? வஜி சொல்லித்தான் தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வேன் பிடிங்க, வர்றோம்."

ஆலைத் தோழிகள் அத்தனை பேருக்கும் வேனில் இடம் போதவில்லை. மிச்சப் பேர் பின்னாலேயே பஸ்ஸில் வந்தார்கள். அத்திப்பள்ளி தாண்டியும் வேனுக்குள் பாட்டு ஓயவில்லை. எடை பத்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட செல்லி, "ரெண்டு முட்டை தின்னுட்டு வரேன், மறுபடி நிறுத்துப் பாருங்க" என்று நர்ஸிடம் மல்லுக்கு நின்றாள். அண்ணன் தம்பி மூவரும் ரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் சாத்துக்குடி பிழிந்து கொடுத்தார்கள்.

ஆபரேஷன் அன்று டாக்டர் வெளியே வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"வால்வு நல்லா திறந்துக்கிச்சு. ரத்தமும் நின்னுடுச்சு."

நசீருதீன் அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், கூச்சப்பட்டு, பக்கத்தில் நின்ற வார்டு பையனைக் கட்டிக்கொண்டார்.

வார்டுக்கு மாற்றியதும் தோழிகள் படையாகப் பார்க்க வந்தார்கள்.

"இனி உன் உடம்புல ஓடுறது எங்க ரத்தம். வேலையில மெதுவா இருந்தே, விடமாட்டோம்" என்றாள் சென்னம்மா.

வஜிஹாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் இழுத்தது, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். நர்ஸ் வந்து அதட்டியும் அடங்கவில்லை. அவள் இடையில் மூச்சு வாங்காமல் இவ்வளவு நேரம் சிரித்து நசீருதீன் கேட்டதே இல்லை. உள்ளே போகாமல், வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.