கயிறு பிடிக்க ஒரு மச்சான்

மில்லர்புரத்தில் காசிலிங்கம் அண்ணாச்சியின் பாத்திரக்கடை மாடியில் இரண்டு வருடமாக ஒரு கணினி விளையாட்டு உருவாகிக்கொண்டிருந்தது. உருவாக்கியவர்கள் இரண்டே பேர். கதை எழுதுகிறவர் தேவபிரசாதம். நாசரேத்துக்காரர், கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தறியாதவர். அதைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கிறவள் ஜெப்ஸி.

கதாநாயகன் பழைய கொற்கையில் முத்துக் குளிப்பவன். விளையாடுகிறவர் அவனாகவே மாறி, தோணியில் உயிர்நண்பன் வளவனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு முங்க வேண்டும். வளவன் கயிற்றை விட்டுவிடுவான். அங்கே கல்நெஞ்சும் அழும் என்று தேவபிரசாதம் வாய்விட்டுச் சொல்லப்போக, அண்ணாச்சி அதையே பிடித்துக்கொண்டார்.

“தீவாளிச் சரக்கு வைக்க மாடி வேணும். நான் அழுதா இன்னும் ஒரு வருசம் இருந்துக்கிடுங்க. அழலைன்னா சனிக்கிழமை காலி பண்ணிருங்க.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். வளவனின் பால்ய நினைவுகளையெல்லாம் படிக்காமலே தட்டித் தட்டித் தாண்டினார். தோணி வந்தது. வளவன் கையை நீட்டினான். மவுஸ் அசையவில்லை.

“கயிறக் குடுங்க அண்ணாச்சி,” என்றார் தேவபிரசாதம்.

“இவன்ட்டயா? மச்சான் எங்க?”

“எந்த மச்சான்?”

“பொண்டாட்டி கூடப் பொறந்தவன் வே. சங்கு குளிக்கிற ஆளுவளுக்கு எங்கப்பாதான் கயிறு வித்தாரு. மச்சான் கையிலதான் குடுப்பானுவ. விட்டா அவன் தங்கச்சி தாலில்லா போவும்.”

“துரோகம்தான் இந்தக் கதையோட ஆன்மா, அண்ணாச்சி.”

“அப்ப ஆன்மாவ முங்கச் சொல்லும். நான் மாட்டேன்.”

ஜெப்ஸி அரை மணி நேரம் அவகாசம் கேட்டாள். விளையாட்டின் கடைத்தெருவில் உப்பு விற்கிற உருவத்தைத் தூக்கித் தோணியில் நிறுத்தினாள். நாயகனுக்கு ஒரே வரியில் கல்யாணத்தையும் முடித்து வைத்தாள். மச்சானுக்கு ஒரு வசனம்: “போயிட்டு வாங்க மாப்ள, நான் இருக்கேன்.”

அண்ணாச்சி முங்கினார். கயிற்றை அசைத்தார், மச்சான் தூக்கினான். மறுபடி முங்கினார், மறுபடி தூக்கினான். துரோகம் செய்ய வந்த வளவன் தோணி ஓரத்தில் வேலையில்லாமல் நின்றான். தேவபிரசாதம் நாளைக்கு அட்டைப்பெட்டி எங்கே கிடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

ஐந்தாவது தடவை அண்ணாச்சி அடியில் போய்க் கயிற்றை அசைக்காமல் கிடந்தார்.

“என்ன செய்யுதான்னு பாப்போம்.”

மூச்சைக் காட்டும் கோடு சிவந்து, தேய்ந்து, நூலளவானது. அப்போது கயிறு தானாக இறுகி அவரை மேலே இழுத்தது. அந்த அரை மணியில் சாவு வரைய நேரமில்லாததால் ஜெப்ஸி செய்துவைத்த ஏற்பாடு அது. மச்சான் தனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னான்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“இவருக்குப் பேரு என்ன பிள்ள?”

“வைக்கல அண்ணாச்சி.”

“சுந்தரராஜுன்னு வையி. எம் பொண்டாட்டி அண்ணன். ஒரு கல்யாணத்துல மொதப் பந்தியில என்னைய உக்கார வைக்கலைன்னு பேச்சுவார்த்தை இல்ல. ஒம்பது வருசம்.”

தேவபிரசாதம் நோட்டைத் திறந்தார். “அழுதீங்கன்னு எழுதிக்கிடலாமா?”

“என்னத்தையும் எழுதும்.” அண்ணாச்சி எழுந்தார். “சரக்கு வைக்க எடம் வேணும்லா. அவன் வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. போய்க் கேக்கணும்.”

படியில் பாதி இறங்கியவர் நின்று குரல் கொடுத்தார்.

“ஏளா, அவனுக்கு அப்பவே வழுக்க. அந்த முடிய எடுத்துரு.”