ஆயிரத்து நானூற்று ஒன்று

பிற்பகல் இரண்டு மணிக்குக் கட்டட வரைபட அலுவலகத்தின் கணினி அறையில் மாப்பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அலுவலகத் தலைவர் அவருடைய மாமனார். ஆகவே, கணினிப் பொறியாளராகவே அவர் பணியில் சேர்ந்திருந்தபோதிலும் காவலாளி முதற்கொண்டு அனைவருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

வெளியூர்க் கிளைக்கு ஒரு திருத்திய வரைபடம் போய்ச் சேர வேண்டியிருந்தது. அங்கே மருத்துவமனைத் தளத்துக்கான கான்கிரீட் கலவை லாரிகளில் வந்து நின்றது. மூன்று மணிக்குள் ஊற்றாவிட்டால் இறுகிவிடும். அவர்கள் கையிலிருந்த பழைய படத்திலோ, பதினெட்டுக் கழிவறைகளின் குழாய்களுக்கும் துளை விட மறந்திருந்தார்கள். கைபேசியில் படம்பிடித்து அனுப்பலாம்தான். ஆனால் கைபேசிப் படத்தை நம்பி ஓர் ஆணியும் அடிக்கலாகாது என்று மாமனாரே சுற்றறிக்கை விட்டிருந்தார்.

"அனுப்புன படம் மூணு சதவீதத்துலயே நிக்குது மாப்பிள்ளை," என்றார் புதிய படத்தை வரைந்த அக்கா. "பதினெட்டு ரூம்லயும் போய் உக்காரலாம், எந்திரிக்கலாம். வேற எதுவும் ஆகாது."

காரணம் மாப்பிள்ளைக்குத் தெரிந்தேயிருந்தது. சர்வரில் மென்பொருளாகவே இயங்கும் ஒரு மெய்நிகர் வலையட்டை இருந்தது. கோப்புகளைச் சிறு பாக்கெட்டுகளாகப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. ஒரே பாக்கெட்டில் அதிகபட்சம் எத்தனை பைட் அனுப்பலாம் என்பதை அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளில் அமைக்க வேண்டும். சென்ற வாரம் ஏதோ கருத்தரங்கிலிருந்து திரும்பிய மாமனார் அதை ஒன்பதாயிரமாக உயர்த்தினார். சோதனையாக "வணக்கம்" என்று ஒரு சொல் அனுப்பப்பட்டது. அது போய்ச் சேர்ந்தது, கைதட்டினார்கள். வணக்கம் சிறிய சொல் என்பதை எடுத்துரைக்கும் துணிவு எவருக்கும் இல்லை. கிளைக்குச் செல்லும் பாதையோ ஆயிரத்து நானூற்று இருபதுக்கு மேல் ஒரு பைட்டையும் விடாது என்பதை மாப்பிள்ளை சற்றுமுன் அளந்து பார்த்திருந்தார். அந்த எண்ணை மாற்றுவதற்கான கடவுச்சொல் மாமனாரிடம் மட்டுமே இருந்தது.

மாப்பிள்ளை மாமனாரின் அறைக்குள் சென்றார். அக்காவும் பின்னாலேயே வந்தார்.

"சார், அந்த ஒன்பதாயிரத்தைக் குறைக்கணும்."

"எதுக்கு? லாரி பெருசா இருந்தா ஒரே நடையில முடிஞ்சிடும்ல?"

"பாலம் சின்னது சார்."

"பெருசாக்கச் சொல்லுங்க."

"அது நம்ம பாலம் இல்ல சார்."

"போன வாரம் வணக்கம் பறந்துச்சே!"

மணி இரண்டரை. அலுவலகத்தில் தலைவரை உறவுமுறை சொல்லி அழைக்கலாகாது என்ற இன்னொரு சுற்றறிக்கை காற்றில் பறந்தது.

"மாமா, அந்த பீரோ ஞாபகம் இருக்கா?"

திருமணமான ஆண்டு மாமனார் ஆசையோடு வாங்கிய பீரோ, வீட்டு நிலைப்படியைவிட ஒரு சாண் அகலம். இரண்டு மழைக்காலம் வாசலிலேயே நனைந்த அதில் இன்று குடும்பத்தாரின் செருப்புகள் குடியிருக்கின்றன. அக்கா உத்தரத்தை ஆராயத் தொடங்கினார்.

"சரி, எட்டாயிரம்," என்றார் மாமனார்.

"போகாது மாமா."

"அஞ்சாயிரம்? ரெண்டாயிரம்? நீங்களும் கொஞ்சம் ஏறி வாங்களேன் மாப்பிள்ளை!"

"நான் ஏறலாம் மாமா, பாதை ஏறாது. ஆயிரத்து நானூறு."

"அவ்வளவு சின்னதா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க."

"துளை இல்லாம ஊத்திட்டா நோயாளிங்க அழுவாங்க சார்," என்றார் அக்கா, உத்தரத்தைப் பார்த்தபடியே.

மாமனார் எழுந்து வந்தார். இடக்கையால் மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லைத் தட்டினார். பிறகு எண்ணை இட்டார்: 1401.

"அந்த ஒண்ணு எதுக்கு மாமா?"

"நீங்க சொன்னதையே போட்டா, அப்புறம் நான் எதுக்கு இங்க?"

மாப்பிள்ளை மனக்கணக்குப் போட்டார். இன்னும் பத்தொன்பது பைட் இடமிருந்தது. ஒரு பைட்டில் மாமனாரின் மரியாதை காப்பாற்றப்பட்டதென்றால் அது மலிவுதான். மீண்டும் அனுப்பினார். மூன்று சதவீதம் முப்பதாயிற்று, நூறாயிற்று. இரண்டு ஐம்பத்தொன்றுக்குக் கிளையிலிருந்து அழைப்பு வந்தது: "படம் வந்துடுச்சு. துளைக்கு இடம் விட்டுத்தான் ஊத்துறோம்."

மறுநாள் காலை புதிய சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. 1401 என்ற எண்ணை எவரும் மாற்றலாகாது. மேலும், அலுவலக வளாகத்தில் வீட்டு மரச்சாமான், இரும்புச் சாமான் எதைக் குறித்தும் உரையாடலாகாது.